ஒரே தீபகற்பத்தில் கத்தாரும் ஏமனும்: அரபு நாடுகளுக்குள் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு?

கடலோடி எழுதியது:

நண்பர்களே, பல நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. அரபு லீக்கில் 22 நாடுகள். எழுத்து மொழி ஒன்று, பெரும்பான்மை மதம் ஒன்று, ஒரே செய்திச் சேனலை மொராக்கோவிலும் பார்க்கிறார்கள், ஓமானிலும் பார்க்கிறார்கள். ஆனால் கத்தாரின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. அதே தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஏமனில் ஆயிரம் டாலர்கூடத் தேறாது.

"எண்ணெய் இருக்கிறவன் பணக்காரன், இல்லாதவன் ஏழை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஈராக்கில் எண்ணெய் இல்லையா? லிபியாவிடம் ஆப்பிரிக்காவிலேயே பெரிய எண்ணெய் இருப்பு. அல்ஜீரியா கடலுக்கடியில் குழாய் போட்டு ஐரோப்பாவுக்கு எரிவாயு அனுப்புகிறது. அப்புறம் ஏன் அல்ஜீரிய இளைஞர்கள் சின்னப் படகில் ஏறி ஸ்பெயினுக்குப் போகப் பார்க்கிறார்கள்? 2019-இல் ஈராக் இளைஞர்கள் ஏன் வேலை கொடு, மின்சாரம் கொடு என்று தெருவுக்கு வந்தார்கள்?

அங்கே வேலை பார்த்தவர்கள், இந்த வரலாற்றைப் படித்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "அவர்கள் சோம்பேறிகள்", "அவர்கள் மதம் அப்படி" என்ற வகைப் பதில்கள் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் குழப்பம்தான் வரும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

ஈராக் நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பீப்பாய் எடுக்கிறது. குவைத் 25 லட்சத்தை ஒட்டி. மேலோட்டமாகப் பார்த்தால் ஈராக்தான் பெரிய கை. ஆனால் 2024 கணக்கெடுப்பில் ஈராக் மக்கள்தொகை 4.6 கோடி. குவைத் குடிமக்கள் 15 லட்சம்தான். ஈராக்கில் 11 பேர் சேர்ந்து ஒரு பீப்பாயைப் பங்கு போட வேண்டும். குவைத்தில் ஒரு ஆளுக்கே ஒன்றரைப் பீப்பாய்க்கு மேல் வருகிறது. சவூதி நடுவில் நிற்கிறது: 1.9 கோடி குடிமக்கள், ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய், அதாவது இரண்டு பேருக்கு ஒன்று. 2018-இல் 5 சதவீதம் என்று வாட் வரியைக் கொண்டுவந்து 2020-லேயே அதை 15 சதவீதமாக ஏற்றியது சவூதிதான், கத்தாரோ குவைத்தோ இல்லை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

அடுத்தது, வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பது. குவைத் சுதந்திரம் பெற்றது 1961-இல். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் வைத்துவிட்டார்கள். 1976-இல் வருமானத்தில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கென ஒதுக்கச் சட்டம் போட்டார்கள். 1990-இல் சதாம் உள்ளே நுழைந்தபோது நாடு கடந்து நின்ற அரசுக்குக் கை கொடுத்தது அந்தச் சேமிப்புதான்.

ஈராக்கோ 1980 முதல் 88 வரை ஈரானோடு போர், அந்தக் கடன் தீருமுன் குவைத் படையெடுப்பு, பிறகு 13 ஆண்டு பொருளாதாரத் தடை, 2003-இல் அமெரிக்கா. குவைத்துக்காகக் கட்ட வேண்டிய இழப்பீடு 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022-இல்தான் முடிந்தது. அரசு வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய், அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுகிறது. பஸ்ராவில் கிணற்றோடு வரும் வாயுவைக் கொளுத்தி வீணாக்கிக்கொண்டே, மின்நிலையத்துக்கு ஈரானிடம் வாயு வாங்கிய நாடு அது. எண்ணெய் இருந்தும் இல்லாத நிலை என்றால் இதுதான்.

கத்தார் கதை வேறு. 1971-இல் கடலுக்கடியில் அந்தப் பிரம்மாண்டமான எரிவாயு வயலைக் கண்டபோது யாருக்கும் அது பெரிய மகிழ்ச்சி தரவில்லை. வாயுவை அவ்வளவு தூரம் எடுத்துப்போய் விற்க வழி இல்லை. 90-களில் தலைக்கு மேல் கடன் வாங்கித் திரவமாக்கும் ஆலைகளைக் கட்டினார்கள். முதல் கப்பல் ஜப்பானுக்குப் போனது 1996-97 வாக்கில். 2010-இல் ஆண்டுக்கு 7.7 கோடி டன் திறன். குடிமக்கள் மூன்று லட்சம் சொச்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் 70,000 டாலர் ஆச்சரியமே இல்லை.

நூலகத்து நிலா எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது 1970-க்குப் பிந்தைய கதை. அதற்கு முன்னால் வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது, அதையும் பார்க்க வேண்டும்.

1930-களில் வளைகுடாக் கரை முழுக்க முத்துக்குளிப்பை நம்பியிருந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்ததும், அந்தத் தொழில் படுத்துவிட்டது. துபாயிலும் தோஹாவிலும் உண்மையான பஞ்சம். ஓமானில் 1970-இல் சுல்தான் காபூஸ் பதவிக்கு வந்தபோது நாடு முழுவதும் மூன்றே பள்ளிகள், தார்ச்சாலை பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத்தான். நம் ரிசர்வ் வங்கி 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அடித்தது. 1966 வரை அங்கே பல ஷேக் நாடுகளில் அதுதான் காசு. சொந்த நாணயம்கூட இல்லாத நிலை.

அதே காலத்தில் கெய்ரோவில் பல்கலைக்கழகம், பஞ்சாலை, சினிமா எல்லாம் இருந்தன. பெய்ரூட்டில் வங்கிகள். ஏடன் துறைமுகம் 1950-களில் உலகிலேயே பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று. 1954-இல் அங்கே பெரிய சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. மெக்காவில் கஅபாவுக்குப் போர்த்தும் துணியை 1960-களின் தொடக்கம் வரை எகிப்துதான் நெய்து அனுப்பியது. குவைத்தின் முதல் தலைமுறைப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள் எகிப்தியரும் பாலஸ்தீனரும்.

அப்புறம் 1967 வந்தது. இஸ்ரேலோடு நடந்த போரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு 1975 வரை திறக்கவில்லை. கப்பல் வராத ஏடனுக்கு வேறு பிழைப்பு ஏது? அதே 67-இல் பிரிட்டிஷ்காரர்களும் கிளம்பிப் போனார்கள். ஆறே ஆண்டில், 1973-இல், எண்ணெய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. ஒரு பக்கம் கதவு சாத்தப்பட்டு, மறுபக்கம் அணை திறந்துவிடப்பட்டது மாதிரி. பத்தாண்டுக்குள் முழு வட்டாரத்தின் எடையும் நைல் கரையிலிருந்து வளைகுடாவுக்கு மாறிவிட்டது.

தோஹாவாசி எழுதியது:

படித்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, பார்ப்பதை எழுதுகிறேன். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர், இருக்கிறார். ஊர் தாந்தா பக்கம். வயதில் மூத்தவர், நாலு பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். அரபி தெரிந்தவர், அரபிக்காரர், ஆனாலும் அவர் இகாமாவும் (தங்கும் அனுமதி) என் இகாமாவும் ஒரே ரகம்தான். வேலை போனால் இரண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான். சம்பளத்தில் ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, அரபிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று படிநிலை எழுதாத சட்டமாக இருக்கிறது. இங்கே இருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எகிப்தில் அரசு விலை ஒரு டாலருக்கு 31 பவுண்ட். வெளியே கறுப்புச் சந்தையில் 60-ஐத் தாண்டி 70 வரை போனது. சம்பளம் வந்ததும் நாங்கள் எல்லாம் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நிற்போம், அவர் வரமாட்டார். வங்கி வழியாக அனுப்பினால் பாதிப் பணம் காற்றோடு போன மாதிரி. ஊருக்குப் போகிறவர் யார், அவர் கையில் டாலராகக் கொடுக்கலாமா என்று போனில் விசாரித்துக்கொண்டே இருப்பார். இவர் ஒருவர் இல்லை, லட்சக்கணக்கான பேர் இப்படியே செய்ததால் எகிப்துக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டுப் பணம் சரிந்தது, அது சரிந்ததால் பவுண்ட் இன்னும் சரிந்தது.

மார்ச் 2024-இல் பவுண்டின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அவிழ்த்துவிட்டார்கள், 50-க்குப் போய் நின்றது. அன்றைக்கு மதியமே அவர் எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பினார். ஜூன் மாதம் ரேஷன் ரொட்டி விலையையும் 5 பியாஸ்டரிலிருந்து 20 ஆக்கினார்கள் (100 பியாஸ்டர் ஒரு பவுண்ட்). 80-களின் கடைசியிலிருந்து கை வைக்காத விலை அது. 1977-இல் ரொட்டி மானியத்தைக் குறைக்கப் போய் ஊரே கொந்தளித்ததால் எந்த அரசும் தொடப் பயந்தது. "20 பியாஸ்டர் இன்றைக்கும் ஒன்றுமில்லை, ஆனால் என் அம்மா பயந்துவிட்டாள், அடுத்து எதில் கை வைப்பார்களோ என்று" என்றார்.

கத்தாரின் தனிநபர் வருமானத்தை வகுக்கும்போது நானும் அந்த மிஸ்ரியும் வகுக்கும் எண்ணுக்குள் இருக்கிறோம். பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். 2021-இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று சட்டம் வந்தது, சாப்பாட்டுக்கும் தங்கவும் தனி. அந்த 1,000-ஐயும் சராசரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிலாளர் கேம்பில் இருப்பவன் எந்தக் கத்தாரில் இருக்கிறான் என்று தெரியும்.

கடலோடி எழுதியது:

தோஹாவாசி, நன்றி. இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியானால் எனக்கு இன்னொரு கேள்வி. ஐரோப்பாவில் ஏழை நாட்டுக்காரர் பணக்கார நாட்டுக்கு வேலைக்குப் போகிறார், பணம் அனுப்புகிறார், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி குறைகிறது. அரபு நாடுகளில் அது ஏன் நடக்கவில்லை? மொழி ஒன்றுதானே?

செங்கடல் எழுதியது:

நடந்தது. நடந்துகொண்டிருந்தபோதே வெட்டப்பட்டது. இந்த இழையில் இதைத்தான் அழுத்தமாகச் சொல்ல வந்தேன். அரபு நாடுகளுக்குள் எண்ணெய்ப் பணத்தைப் பங்கு போட்ட பெரிய வழி உதவித்தொகையும் இல்லை, வணிகமும் இல்லை. கூலிவேலைதான் அந்த வழி. 1975-இல் வளைகுடாவில் இருந்த வெளிநாட்டவரில் 70 சதவீதத்தைத் தொட்டவர்கள் அரபிகள். ஏமன், எகிப்து, பாலஸ்தீனம், ஜோர்டான், சூடான். 2000-களின் தொடக்கத்தில் அது 30 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

ஏமனை எடுத்துக்கொள்ளுங்கள். சவூதியில் ஏமன்காரருக்குத் தனிச் சலுகை இருந்தது. கஃபீல், அதாவது பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரர், வேண்டாம். எல்லை தாண்டிப் போய் சொந்தமாகக் கடை போடலாம், லாரி ஓட்டலாம். ஜித்தாவில் மளிகை, கட்டடம், தையல் எல்லாம் அவர்கள் கையில். 1990 மே மாதம் வடக்கு ஏமனும் தெற்கு ஏமனும் ஒன்றாகின. ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் நுழைந்தார். ஏமன் அப்போது ஐ.நா. பாதுகாப்பு அவையில் உறுப்பினர்; வெளிநாட்டுப் படை வரக்கூடாது, அரபிகளே பேசித் தீர்க்க வேண்டும் என்ற நிலை எடுத்தது. செப்டம்பரில் சவூதி அந்தச் சலுகையை ரத்து செய்தது. கஃபீல் தேடு, இல்லையென்றால் கிளம்பு. சில மாதங்களில் சுமார் 8 லட்சம் பேர் திரும்பினார்கள். கடையை வந்த விலைக்கு விற்றுவிட்டு, குடும்பத்தையும் கட்டிலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். ஹுதைதாவுக்கு வெளியே வருடக்கணக்கில் குடிசையில் இருந்த குடும்பங்கள் உண்டு. நவம்பரில் படை அனுப்ப அனுமதி தரும் தீர்மானத்துக்கு எதிராக ஏமன் வாக்களித்ததும் அமெரிக்கா தன் உதவியையும் நிறுத்தியது.

குவைத் விடுதலையான பிறகு பாலஸ்தீனருக்கும் அதே கதி. 4 லட்சம் வரை இருந்தவர்களில் சில பத்தாயிரம் பேரே மிஞ்சினார்கள். பெரும்பாலோர் ஜோர்டானில் இறங்கினார்கள். அம்மான் நகரம் ஒரே மூச்சில் வீங்கியது.

அந்தக் காலி இடங்களில் யார் போய் நின்றார்கள்? நம் ஆட்கள்தான். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பிலிப்பைன்ஸ். நம் ஊர்களில் மாடி வீடு எழுந்த காலத்தில் ஏமனில் அடுப்பு அணைந்தது. இது நம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வளைகுடாக் கதையைப் பேசும்போது இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

வளைகுடாப்பழசு எழுதியது:

செங்கடல் தம்பி, எல்லாவற்றையும் 1990 தலையில் கட்டாதீர்கள். நான் 70-களின் கடைசியில் சவூதியின் ஜுபைலுக்குப் போனவன். அப்போதே கொரியன் கம்பெனிகள் தங்கள் ஆட்களோடு வந்து துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தன. தாய்லாந்துக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நாம் எல்லாரும் வந்தாகிவிட்டது. காரணம் எளிது. அரபிக்காரர் வந்தால் மனைவி மக்களோடு வருவார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்பார், செய்தித்தாள் படிப்பார், அரசியல் பேசுவார். எகிப்து அதிபர் நாசர் காலத்திலிருந்தே ஷேக்குகளுக்கு அந்தப் பயம் உண்டு. நாம் தனி ஆளாக வந்தோம், கேம்பில் தூங்கினோம், ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டோம். கூலியும் குறைவு. போர் வராவிட்டாலும் அந்த மாற்றம் வந்திருக்கும். 1990 அதை வேகமாக்கியது, அவ்வளவுதான்.

இன்னொன்று, வளைகுடா கொடுக்கவே இல்லை என்ற மாதிரி தொனிக்கிறது. குவைத் சுதந்திரம் பெற்ற அதே 1961-இல் அரபு நாடுகளுக்குக் கடன் கொடுக்கத் தனி நிதியம் தொடங்கியது. முதல் கடனே சூடான் ரயில்வேக்குப் போனது. துபாய்க் கழிமுகத்தைத் தூர்வாரிக் கப்பல் வர வழி செய்ததற்குக் குவைத் கொடுத்த கடனும் ஒரு காரணம். துபாயில் அப்போது எண்ணெயே கண்டுபிடிக்கவில்லை. 2009-இல் துபாய் கடனில் மாட்டியபோது அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்தது. 2018-இல் பஹ்ரைனுக்கு மூன்று நாடுகள் சேர்ந்து அதே அளவு. 2024-இல் எகிப்தின் ராஸ் அல் ஹிக்மா கடற்கரைக்கு அமீரகம் அறிவித்தது 3,500 கோடி டாலர். தோஹாவாசியின் நண்பருக்கு அந்த மார்ச் மாதம் ஓரளவு தப்பியது என்றால் அந்தப் பணம் பின்னால் இருந்ததால்தான்.

கொடுத்ததை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். எகிப்தில் சிமென்ட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை ராணுவத்தின் கை இருக்கிறது. தனியார் தொழில் எப்படி வளரும்?

நூலகத்து நிலா எழுதியது:

ஐயா, நேரில் பார்த்தவர் நீங்கள். மாற்றம் 70-களிலேயே தொடங்கியது என்பதை ஏற்கிறேன். ஆனால் உதவியையும் தொழிலாளி அனுப்பும் பணத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நீங்கள் சொன்ன எல்லாமே அரசிடமிருந்து அரசுக்குப் போனவை. 3,500 கோடி டாலர் எகிப்தின் மத்திய வங்கியைக் காப்பாற்றும், தாந்தாவில் இருக்கும் அந்த அம்மாவின் கைக்கு வராது.

வட ஏமனில் 70-களில் என்ன நடந்தது தெரியுமா? சவூதியிலிருந்து வந்த பணத்தை வைத்து ஊர்க்காரர்களே வளர்ச்சிச் சங்கம் அமைத்தார்கள். மலைக் கிராமத்துக்கு ஜீப் போகும் சாலை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சங்கங்கள் கட்டியவை. சனாவில் இருந்த அரசு செய்ததைவிட இவை செய்தது அதிகம் என்று சொல்லலாம். அரசு பின்னாளில் அவற்றைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, 1990-இல் பணமும் நின்றது. ஏமனின் பிந்தைய வறுமைக்கு 2014-15 போரை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்த முதல் அடியை மறந்துவிடுகிறார்கள்.

பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் துருக்கி, ஈரானையும் சேர்த்து முழு மத்திய கிழக்கையும் ஒரே நாடு மாதிரி வைத்துக் கணக்குப் போட்டார்கள். மேல்தட்டு 10 சதவீதம் பேருக்கு மொத்த வருமானத்தில் 64 சதவீதம் போகிறது. மேற்கு ஐரோப்பாவில் அது 37. நாட்டுக்கு நாடு தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது.

மட்டுநகர் வாசகி எழுதியது:

எண்ணெய் உள்ள நாடுகளைப் பற்றியே எழுதுகிறீர்கள், லெபனானைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் பெரியம்மா பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவர். மட்டக்களப்பில் இருந்து போனவர்களுக்கு லெபனான் என்றால் நல்ல பெயர். சம்பளம் டாலரில், வீட்டுக்காரரும் ஓரளவு மரியாதை.

1997 முதல் ஒரு டாலருக்கு 1,507 லிரா என்று கட்டி வைத்திருந்தார்கள். கட்டட வேலையும் வங்கி வட்டியும்தான் பொருளாதாரம். புதிதாக வரும் டாலரைக் கொண்டு பழைய வட்டியைக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் லெபனான்காரர் பணம் போடுவது குறைந்ததும் எல்லாம் வெளியே வந்தது. 2019 அக்டோபரில் வாட்ஸ்அப் பேச்சுக்கு வரி என்றதும் சனம் தெருவுக்கு இறங்கியது, வங்கிகள் பூட்டப்பட்டன. 2020 மார்ச்சில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, ஆகஸ்ட் 4-இல் துறைமுகம் வெடித்தது. கடைசியில் டாலர் 90,000 லிராவை ஒட்டி நின்றது.

பெரியம்மா வேலை பார்த்த வீட்டு அம்மாவுக்கு வங்கியில் டாலர் இருந்தது, எடுக்க முடியவில்லை. 3,900 லிரா விலையில்தான் வங்கி கொடுத்தது, வெளியே டாலர் அதற்குப் பல மடங்கு. அவர் பெரியம்மாவுக்கும் அதே கணக்கில் லிராவாகக் கொடுத்தார். "என் காசையே நான் பார்க்க முடியவில்லை, உனக்கு எப்படித் தர?" என்று அழுதாராம் அந்த அம்மா. பெரியம்மாவுக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் வீட்டில் அனுப்பும் காசுக்குக் காத்திருந்த நாங்கள் என்ன செய்வது? எத்தியோப்பியப் பெண்களைத் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போன வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி, லெபனானைச் சேர்த்ததற்கு நன்றி. எண்ணெய் இல்லாத நாடுகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க மொராக்கோவையும் துனிசியாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பாஸ்பேட், சுற்றுலா, ஐரோப்பாவுக்கு அருகாமை. துனிசியாவில் கல்வி முந்தியே நன்றாக இருந்தது. ஆனால் 2007-இல் மொராக்கோ ஜிப்ரால்டர் நீரிணைக்கு எதிரே தாஞ்சர் மெட் துறைமுகத்தைத் திறந்தது, 2012-இல் பக்கத்தில் ரெனோ கார் ஆலை வந்தது, பிறகு கெனித்ராவில் பெஜோ கார் ஆலை. பாஸ்பேட்டை விற்ற நாடு இன்று காரையும் கார்களுக்கான மின்கம்பித் தொகுப்பையும் விற்கிறது. 2018 முதல் அதிவேக ரயிலும் ஓடுகிறது.

ஆனால் அந்த ரயில் ஓடுவது தாஞ்சருக்கும் காசாபிளாங்காவுக்கும் இடையில். 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் அட்லஸ் மலைக் கிராமங்களுக்கு மீட்பு வண்டி போகவே பாதை இல்லை, கழுதையில் சாமான் போனது. 2025-இல் இளைஞர்கள் தெருவுக்கு வந்து, 2030 உலகக் கோப்பைக்கு மைதானம் கட்டும் காசை மருத்துவமனைக்குக் கொடுங்கள் என்றார்கள். துனிசியாவில் கடற்கரை ஒரு நாடு, உள்பகுதி வேறொரு நாடு. 2010 டிசம்பரில் முகமது புவாசிசி தன்மேல் தீ வைத்துக்கொண்டது சிதி பூசித் என்ற உள்பகுதி ஊரில். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காஃப்சா சுரங்கப் பகுதியில் வேலைக்கு ஆள் எடுத்ததில் பாரபட்சம் என்று பெரிய கிளர்ச்சி. பாஸ்பேட் அவர்கள் மண்ணில், அதன் லாபம் கரையோரத்தில்.

அரபு நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் மொத்த வணிகத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது, 2005-இலிருந்து பெரும்பாலான சுங்கத்தை நீக்கிய பிறகும். மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நில எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது. பக்கத்து நாட்டுக்குத் தக்காளி அனுப்ப வழி இல்லாமல் இரண்டும் ஐரோப்பாவைப் பார்த்து நிற்கின்றன.

செங்கடல் எழுதியது:

வளைகுடாப்பழசு ஐயா, சூடான் ரயில்வேயைச் சொன்னீர்கள், அதிலிருந்தே தொடர்கிறேன். 70-களில் சூடானை அரபு உலகின் நெற்களஞ்சியமாக்குவது என்று பெரிய திட்டம் இருந்தது. நைல் தண்ணீர் சூடானிடம், பணம் வளைகுடாவிடம். குவைத், சவூதி முதலீட்டில் கெனானா சர்க்கரை ஆலை வந்தது, கார்ட்டூமில் அரபு விவசாய முதலீட்டு ஆணையம் அமைந்தது. கெனானா ஓடியது, ஆனால் களஞ்சியம் வரவில்லை. சாலை, மின்சாரம் இல்லை, உள்நாட்டுப் போர், கடன். சவூதி என்ன செய்தது? தன் பாலைவனத்தில் மானியம் கொட்டி நிலத்தடி நீரை உறிஞ்சிக் கோதுமை போட்டது, 90-களின் தொடக்கத்தில் ஏற்றுமதியே செய்தது. தண்ணீர் வற்றியது, 2016-இல் அந்தத் திட்டத்தை மூடினார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம். நம்பிக்கை இருந்திருந்தால் அந்தக் காசில் சூடானின் கெசிராப் பாசனத்தைச் சீராக்கியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம். 2011-இல் தெற்கு பிரிந்து எண்ணெயில் முக்கால் பங்கு போனது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் மிச்சத்தையும் தின்கிறது. சூடானின் தங்கம் மட்டும் துபாய்ச் சந்தைக்குப் போகிறது.

வளைகுடாப்பழசு எழுதியது:

சூடான் விஷயத்தில் நீங்கள் சொல்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது தம்பி. எங்களோடு வேலை பார்த்த சூடானிகளைப் போல நேர்மையானவர்களைப் பார்த்ததில்லை.

வளைகுடாவும் அப்படியே இருக்கப்போவதில்லை. சவூதியில் வேலைக்குப் போகும் பெண்கள் பங்கு 2017 வாக்கில் 20 சதவீதத்துக்கும் கீழே. இப்போது 35-ஐ ஒட்டி. அரபு நாடுகளின் சராசரியே இன்னும் 20-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. சவூதிப் பையன்கள் கல்லாப்பெட்டியில் உட்காருகிறார்கள், நான் இருந்த காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. ஓமான் 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு 5 சதவீத வருமான வரி என்று அறிவித்துவிட்டது. வளைகுடாவில் இதுதான் முதல் முறை.

கடலோடி எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு எல்லோருக்கும் நன்றி. ஏமனில் இருவேறு நாணய விலை என்று எங்கோ படித்தேன். செங்கடல், அது எப்படி ஒரே நாட்டில்?

செங்கடல் எழுதியது:

2016 செப்டம்பரில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற அரசு மத்திய வங்கியைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றியது. சனாவை வைத்திருக்கும் கிளர்ச்சிக் குழுவான ஹூதிகள் பழைய வங்கியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஏடன் புது நோட்டு அடித்தது. 2019 கடைசியில் தங்கள் பகுதியில் புது நோட்டு செல்லாது என்றார்கள் ஹூதிகள். அதிலிருந்து ஒரே பெயர், இரண்டு ரியால். சனாவில் டாலருக்கு 530-ஐ ஒட்டி. பழைய கிழிந்த நோட்டையே ஒட்டி ஒட்டிப் புழங்குகிறார்கள். ஏடனில் 1,500-ஐத் தாண்டி, 2025 நடுவில் 2,800 வரை போய், பிறகு 1,600 பக்கம் இறங்கியது.

ஏடனில் வேலை பார்ப்பவர் சனாவில் இருக்கும் தன் வீட்டுக்கு 10,000 ரியால் அனுப்பினால், இந்த விலை வித்தியாசம் முழுவதும் பரிமாற்றக் கட்டணமாகக் கழிந்து, வீட்டில் கைக்குச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. அதனால் வழி தெரிந்தவர்கள் சவூதி ரியாலாகவே அனுப்புகிறார்கள். கஃபீல் கிடைத்து இன்னும் சவூதியில் தங்கியிருக்கும் ஏமன்காரர்கள் அனுப்பும் காசுதான் இரண்டு பகுதியிலும் அரிசிக்கும் கோதுமைக்கும். 2021-இல் தெற்கு சவூதியில் வேலை பார்த்த ஏமன்காரர் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்று உத்தரவு வந்ததாகச் செய்தி வந்தபோது, சனா, ஏடன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதறியது.